நடுத்தர நகரத்தில் பஸ்ஸும் சைக்கிளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூன்று லட்சம் முதல் பத்து லட்சம் பேர் வரை வசிக்கும் நகரங்களை மனதில் வைத்து எழுதியது இது. இந்த அளவு நகரத்தில் ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். மெட்ரோவுக்குத் தேவையான கூட்டம் கிடையாது. சைக்கிளுக்கு எட்டாத தூரமும் கிடையாது. நகராட்சிக் கூட்டங்களிலும் குடியிருப்போர் சங்கங்களிலும் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான பதில்கள் கீழே.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. முதலில் புது பஸ்கள் வாங்குவதுதானே முறை?

அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் ஒரு தடத்தைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நீளம் 12 கி.மீ. காலை நெரிசலில் சராசரி வேகம் மணிக்கு 16 கி.மீ. அப்படியானால் ஒரு நடைக்கு 45 நிமிடம், போய்வர 90. இரு முனையிலும் ஐந்தைந்து நிமிடம் நிறுத்தினால் ஒரு சுற்று 100 நிமிடம். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ் வேண்டுமென்றால் 100-ஐப் பத்தால் வகுக்க வேண்டும்: 10 பஸ். பழுதுக்கும் பராமரிப்புக்கும் ஒன்றிரண்டு உபரி.

அதே தடத்தில் நடைக்குப் பத்து நிமிடம் மிச்சம் பிடித்தால் சுற்று 80 நிமிடம் ஆகிவிடும். பழைய இடைவெளிக்கு 8 பஸ் போதும். அல்லது பத்தையும் ஓட்டினால் எட்டு நிமிடத்துக்கு ஒன்று கிடைக்கும். பஸ்ஸும் வாங்கவில்லை, ஓட்டுநரும் கூடுதலாகச் சேர்க்கவில்லை. நெரிசலில் ஊரும் தடத்தில் புது பஸ்ஸை இறக்கினால் அதுவும் சேர்ந்து ஊரும், அவ்வளவுதான்.

அந்தப் பத்து நிமிடம் எங்கிருந்து கிடைக்கும்?

பெரும்பாலும் மூன்று இடங்களில் ஒளிந்திருக்கும்.

முதலாவது, நிறுத்தங்களின் நெருக்கம். 250 மீட்டருக்கு ஒன்று என்றால் 12 கி.மீ.க்கு 48 நிறுத்தம். 400 மீட்டருக்கு ஒன்று என்றால் 30. வேகம் குறைத்து, கதவு திறந்து, மூடி, மறுபடி வேகம் எடுப்பதற்கு மட்டும் நிறுத்தத்துக்குச் சுமார் 20 நொடி போகிறது. ஆள் ஏறும் நேரம் தனி. எல்லா நிறுத்தத்திலும் பஸ் நிற்பதில்லை என்று கழித்தாலும் நான்கு நிமிடம் மிஞ்சும்.

இரண்டாவது, ஏறும் விதம். முன்கதவு வழியாக மட்டும் ஏறி, ஓட்டுநரிடம் காசு கொடுத்துச் சில்லறை வாங்குவதென்றால் ஆளுக்கு 4 முதல் 6 நொடி. முன்கூட்டியே சீட்டு வாங்கி எல்லாக் கதவிலும் ஏறினால் 2 நொடிக்குள். ஒரு நடையில் 60 பேர் ஏறினால் மூன்று நிமிடம் லாபம்.

மூன்றாவது, சிக்னல். பத்துச் சிக்னலில் தலா 15 நொடி குறைந்தால் இரண்டரை நிமிடம். மொத்தம் ஒன்பதரை. பஸ்ஸுக்கென்று தனித்தடம் போடும் முன்பே இவ்வளவு கிடைக்கிறது என்பதைக் கவனியுங்கள்.

நிறுத்தத்தைக் குறைத்தால் முதியவர்கள் எதிர்ப்பார்களே?

எதிர்ப்பார்கள், அதில் நியாயமும் உண்டு. 250 மீட்டர் இடைவெளியை 400 ஆக்கினால், சாலையோரமாக நடக்க வேண்டிய அதிகபட்ச தூரம் 75 மீட்டர் கூடும். ஆரோக்கியமானவருக்கு ஒரு நிமிடம். கைத்தடியோடு நடப்பவருக்கு இரண்டு மூன்று. ஆகவே அளவுகோலை இயந்திரத்தனமாக வைக்கக் கூடாது. மருத்துவமனை, சந்தை, முதியோர் இல்லம் இவற்றின் வாசல் நிறுத்தங்களைத் தொடாதீர்கள். எடுத்த நிறுத்தங்களில் மிச்சமாகும் பணத்தை மீதி நிறுத்தங்களில் கூரை, இருக்கை, விளக்கு, சாய்வுப் பாதை என்று போடுங்கள். பட்டியலை நிறுத்தவாரியாக, காரணத்தோடு வெளியிட்டால் சண்டை பாதியாகக் குறையும். ‘பயணிகள் நலன் கருதி’ என்று ஒற்றை வரியில் அறிவித்தால் ஒவ்வொரு தெருவிலும் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அரைமணி காத்திருந்தால் இரண்டு பஸ் ஒட்டிக்கொண்டு வருகின்றன. ஓட்டுநர்கள் பேசிவைத்துக்கொண்டு வருகிறார்களா?

இல்லை. பஸ்ஸைத் தன்போக்கில் விட்டால் அப்படித்தான் சேரும். பத்து நிமிடத்துக்கு ஒரு பஸ்; ஒரு நிறுத்தத்துக்கு நிமிடத்துக்கு ஒருவர் வருகிறார் என்று வையுங்கள். வழக்கமாக 10 பேர் நிற்பார்கள். முதல் பஸ் மூன்று நிமிடம் தாமதமானால் 13 பேர். ஏற ஆளுக்கு 3 நொடி என்றால் அது இன்னும் 9 நொடி பின்தங்கும். சரியான நேரத்துக்கு வரும் அடுத்த பஸ்ஸுக்கு 7 பேர்தான் மிச்சம். அது 9 நொடி முந்தும். ஒரே நிறுத்தத்தில் இடைவெளி 18 நொடி சுருங்குகிறது. பத்து நிறுத்தத்துக்குள் ஏழு நிமிடம் நான்காகிவிடும். அதற்கப்புறம் பனிப்பந்து உருண்டு பெருப்பது போலத்தான். முன்னால் போவது பிதுங்கி வழியும், பின்னால் வருவது காலியாக ஓடும்.

பயணிக்கு என்ன நஷ்டம்? சீராகப் பத்து நிமிடத்துக்கு ஒன்று வந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். அதே பஸ்கள் இருபது நிமிடத்துக்கு ஒரு ஜோடியாக வந்தால் 10 நிமிடம். ‘மணிக்கு ஆறு நடை’ என்று அறிக்கையில் எழுதுவதில் இரண்டுக்கும் வித்தியாசமே தெரியாது.

தடத்தின் நடுவே இரண்டு மூன்று நிறுத்தங்களைக் கட்டுப்பாட்டு இடமாக வைத்து, முந்தி வரும் பஸ்ஸை ஒன்றிரண்டு நிமிடம் நிறுத்தி அனுப்ப வேண்டும். பத்து நிமிடத்துக்கும் குறைவான இடைவெளியில் ஓடும் தடத்தில் ஓட்டுநருக்குக் கடிகார நேரம் முக்கியமில்லை, முன் பஸ்ஸோடு உள்ள இடைவெளிதான் முக்கியம். அது அவர் கண்ணுக்கு எதிரே திரையில் தெரிய வேண்டும். முனையில் ஓய்வு நேரத்தை ‘வீண்’ என்று வெட்டாதீர்கள். அந்த ஐந்து நிமிடம்தான் ஒரு நடையின் தாமதம் அடுத்த நடைக்குத் தொற்றாமல் தடுக்கிறது.

எத்தனை நிமிடத்துக்கு ஒரு பஸ் விட்டால் மக்கள் நம்பி வருவார்கள்?

கால அட்டவணையைப் பார்க்காமலே கிளம்பும் பழக்கம் பத்து நிமிட இடைவெளியில் வந்துவிடும். பதினைந்து வரை தாங்கும். அதற்கு மேல் போனால் இடைவெளி 60-ஐ மீதியின்றி வகுக்கும் எண்ணாக இருக்கட்டும்: 20, 30. அப்போது ஒவ்வொரு மணியிலும் பஸ் அதே நிமிடத்தில் வரும், 7.10, 7.30, 7.50 என்று நினைவில் நிற்கும். 25 நிமிட இடைவெளியை யாராலும் மனப்பாடம் செய்ய முடியாது.

இரவுச் சேவையை மறந்துவிடாதீர்கள். கடைசி பஸ் எட்டு மணிக்கே போய்விடும் என்றால், ஒன்பது மணிக்கு வேலை முடிகிறவர் காலையிலும் பஸ் ஏற மாட்டார். இரவு பஸ்ஸில் ஆள் குறைவு என்று அதை நிறுத்தினால் பகல் பயணிகளும் சேர்ந்து போவார்கள்.

எங்கள் பகுதிக்கு நேரடி பஸ் வேண்டும் என்று எல்லாரும் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?

எல்லாருக்கும் கொடுத்தால் நாற்பது தடம் இருக்கும், ஒவ்வொன்றிலும் ஒரு மணிக்கு ஒரு பஸ் ஓடும். அதே வண்டிகளைப் பத்துத் தடத்தில் குவித்தால் கால்மணிக்கு ஒன்று கிடைக்கும். ஆனால் சிலர் ஒருமுறை மாறி ஏற வேண்டும். இது வெறும் கணக்கல்ல, நகரம் எடுக்க வேண்டிய முடிவு. அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரம் 2015 ஆகஸ்டில் தன் பஸ் தடங்கள் அனைத்தையும் ஒரே நாளில் இப்படி மாற்றியமைத்தது: மையத்தை நோக்கிக் குவிந்த தடங்களுக்குப் பதிலாக, ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் அடிக்கடி ஓடும் தடங்கள்.

மாறி ஏறுவதைக் கேட்கிறீர்கள் என்றால் மூன்றை உறுதி செய்ய வேண்டும். 90 நிமிடத்துக்குள் மாறினால் இரண்டாவது கட்டணம் கூடாது. மாறும் இடம் சாலையைக் குறுக்கே இரண்டுமுறை கடக்க வைக்கக் கூடாது. அரைமணிக்கு ஒன்று ஓடும் தடங்கள் ஒரே நேரத்தில் மையத்தில் வந்து சேர்ந்து, ஐந்து நிமிடம் நின்று, ஒன்றாகக் கிளம்ப வேண்டும். சுவிட்சர்லாந்து 1982 முதல் நாடு முழுவதும் ரயில்களை ஒவ்வொரு மணியிலும் அதே நிமிடத்தில் வரும்படி ஓட்டுகிறது. அங்கே ரயிலும் பஸ்ஸும் சந்திக்கும் ஒழுங்கு இந்த யோசனையில் நிற்பதுதான். போய்வரும் நேரம் 30 நிமிடத்துக்குச் சற்றுக் குறைவாக அமைந்தால் ஒரே வண்டி சுற்றிவரும். 33 ஆகிவிட்டால் இரண்டாவது வண்டி தேவைப்படும். அந்த மூன்று நிமிடத்துக்காகத்தான் மேலே சொன்ன நிறுத்தக் கணக்கெல்லாம்.

பஸ் தனித்தடத்துக்கு எவ்வளவு அகலம் வேண்டும்? எங்கே போட வேண்டும்?

3.25 முதல் 3.5 மீட்டர். சாலை முழுவதும் போட வேண்டிய கட்டாயம் இல்லை. பஸ் எங்கே நெரிசலில் மாட்டிக்கொள்கிறதோ அங்கே போடுங்கள்: பெரும்பாலும் சிக்னலுக்கு முந்தைய 150, 200 மீட்டர். வண்டிகளில் உள்ள இடங்காட்டி (ஜிபிஎஸ்) பதிவை ஒரு வாரம் எடுத்து, மணிக்கு 8 கி.மீ.க்குக் கீழே போகும் துண்டுகளை வரைபடத்தில் சிவப்பாக்கினால் இடம் தானே தெரியும்.

அதிகம் நடக்கும் தவறு: நெரிசல் இல்லாத அகலச் சாலையில் தடம் போட்டுவிட்டு, குறுகும் சந்திப்பில் அதை முடித்துவிடுவது. அங்கே இடம் கொடுப்பதுதான் கஷ்டம், அங்கேதான் தேவையும். கடைகளுக்குச் சரக்கு இறக்கப் பக்கத்துத் தெருவில் இடமும் நேரமும் ஒதுக்காவிட்டால், தடத்தில் நிற்கும் ஒரே ஒரு வேன் முழுத் தடத்தையும் காகிதக் கோடாக்கிவிடும்.

சிக்னலில் பஸ்ஸுக்கு முன்னுரிமை என்றால் எப்போதும் பச்சையா?

கிடையாது. பஸ் 100, 150 மீட்டர் தொலைவில் வரும்போது கருவி கண்டுகொண்டு, பச்சையை 5 முதல் 10 நொடி நீட்டும். அல்லது சிவப்பைச் சற்று முன்னதாக முடிக்கும். குறுக்குத் தெருவுக்கு இழந்த நொடிகளை அடுத்த சுற்றில் திருப்பிக் கொடுக்கலாம்.

இது பலிக்காமல் போவதற்கு முதல் காரணம் நிறுத்தத்தின் இடம். நிறுத்தம் சிக்னலுக்கு முன்னால் இருந்தால், பஸ் வருகிறது என்று பச்சை நீளும். பஸ்ஸோ நிறுத்தத்தில் ஆள் ஏற்றிக்கொண்டிருக்கும். நீட்டிய பச்சை வீணாகி, பஸ் கிளம்பும்போது சிவப்பு விழும். நிறுத்தத்தைச் சந்திப்பைத் தாண்டி அந்தப் பக்கம் கொண்டுபோங்கள்.

நிறுத்தத்துக்கு ஒதுங்கு தடம் வெட்டலாமா?

வேகமான புறவழிச் சாலையில் மட்டும். நகரத்துக்குள் வெட்டினால் பஸ் ஒதுங்கிவிடும், திரும்பிச் சேர யாரும் வழி விடமாட்டார்கள். நடைபாதையைப் பஸ் வரும் தடம் வரை நீட்டி, விளிம்பை 16 முதல் 18 செ.மீ. உயரமாகக் கட்டுங்கள். தாழ்தள பஸ் ஒட்டி நின்றால் சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் நேராக ஏறும். இங்கே சிறு இடைவெளிகூடப் பெரிய விஷயம்: நிறுத்தத்துக்கு முன்னால் கார் நின்றிருந்தால் பஸ் கோணலாக நிற்கும், பின்கதவுக்கும் விளிம்புக்கும் அரை மீட்டர் விழும், உயர விளிம்பு கட்டிய செலவு அத்தனையும் வீண்.

கட்டணமே இல்லாமல் ஓட்டினால்?

எஸ்டோனியாவின் தாலின் 2013 முதல் நகரவாசிகளுக்கும், பிரான்ஸின் டன்கர்க் 2018 முதல் எல்லாருக்கும், லக்சம்பர்க் 2020 முதல் நாடு முழுவதும் கொடுக்கின்றன. ஏழைகளுக்கு உண்மையான உதவி, ஏறும் நேரமும் குறையும். ஆனால் காரை விட்டு வருகிறவர்கள் எதிர்பார்த்த அளவு இருப்பதில்லை. நடந்து போனவர்கள் ஏறுவதே அதிகம். டன்கர்க் கட்டணத்தை எடுத்த அதே சமயத்தில் தடங்களையும் சீரமைத்தது என்பதைச் சேர்த்துப் படிக்க வேண்டும். பணம் ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் எங்கள் வாக்கு நடைகளைக் கூட்டுவதற்கே.

மின்சார பஸ்?

காற்றுக்கும் காதுக்கும் நல்லது, காத்திருப்பைக் குறைக்காது. 12 மீட்டர் பஸ் கிலோமீட்டருக்கு 1 முதல் 1.5 யூனிட் எடுக்கும். நாளுக்கு 200 கி.மீ. ஓடினால் 200 முதல் 300 யூனிட். முப்பது பஸ்ஸுக்குத் தலா 250 யூனிட்டை இரவு ஆறு மணி நேரத்தில் ஏற்ற 1,250 கிலோவாட் வேண்டும். பணிமனைக்கு அந்த இணைப்பை வாங்குவதுதான் நீண்ட வேலை. பஸ் வந்து நின்ற பிறகு விண்ணப்பித்தால் பஸ் நின்றுகொண்டேயிருக்கும். வெயிலிலும் கடுங்குளிரிலும் ஓடும் தூரம் குறையும் என்பதால், ஒரு டீசல் பஸ்ஸுக்கு ஒரு மின்சார பஸ் என்ற கணக்கு எல்லாத் தடத்துக்கும் பொருந்தாது.

பஸ் நேரம் கைப்பேசி வரைபடத்தில் தெரிய என்ன செய்ய வேண்டும்?

ஜிடிஎஃப்எஸ் என்ற பொது வடிவத்தில் தரவை வெளியிடுங்கள். அமெரிக்காவின் போர்ட்லாந்து நகரப் போக்குவரத்து நிறுவனமும் கூகுளும் 2005-இல் தொடங்கியது இது. நிறுத்தம், தடம், நடை, நேரம், ஓடும் நாட்கள் என்று சில எழுத்துக் கோப்புகளை ஒரு ஜிப்பில் கட்டினால் ஆயிற்று. அடிக்கடி வரும் கோளாறு, ஓடும் நாட்களுக்கான கோப்பில் முடிவுத் தேதி கடந்துபோவது. ஒருநாள் காலை நகரத்தின் பஸ் அனைத்தும் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும், தெருவில் மட்டும் ஓடும். தேதி முடிய ஒரு மாதம் இருக்கும்போதே புதுக் கோப்பை ஏற்றுவது யார் பொறுப்பு என்று பெயர் எழுதி வையுங்கள்.

சாலையோரம் வெள்ளைக் கோடு போட்டு சைக்கிள் படம் வரைந்தோம். யாரும் ஓட்டவில்லையே?

கோட்டை நம்பி எந்தத் தாயும் பத்து வயதுப் பிள்ளையை அனுப்ப மாட்டாள். வாகன வேகம் 30 கி.மீ.க்குள், நாளுக்கு இரண்டாயிரம் வண்டி போல இருந்தால் சைக்கிளும் காரும் கலந்தே போகலாம், கோடே வேண்டாம். 50 கி.மீ. வேகச் சாலை என்றால் கல்லாலோ கட்டையாலோ பிரிக்க வேண்டும். ஒருவழித் தடத்துக்கு 2 மீட்டராவது, இருவழிக்கு 3 முதல் 4 மீட்டர். 1.2 மீட்டரில் போட்டால் முந்த முடியாது. பேசிக்கொண்டு பக்கத்தில் வரவும் முடியாது. நிறுத்திய கார்களை ஒட்டிப் போனால் 80 செ.மீ. காலி இடம் விடுங்கள். திடீரென்று திறக்கும் கதவில்தான் சைக்கிள்காரர் விழுகிறார். விளிம்புக்கல் 5 செ.மீ. உயரத்தில் சாய்வாக இருந்தால் பெடல் இடிக்காது.

துண்டு துண்டாகப் போட்ட தடம் பயன்படாது. ஸ்பெயினின் செவில் 2006 முதல் சில ஆண்டுகளில் நூற்றுச் சொச்சம் கி.மீ. பிரித்த தடத்தைப் போட்டது. அது வெற்றி பெற்றது நீளத்தால் அல்ல, தொடக்கத்திலிருந்தே ஒன்றோடொன்று இணைந்திருந்ததால்.

எங்கள் தெருக்கள் குறுகல். தடத்துக்கு இடமே இல்லை.

அப்படியென்றால் தடம் வேண்டாம், கடந்துபோகும் கார்களைக் குறையுங்கள். நெதர்லாந்தின் க்ரோனிங்கன் 1977-இல் நகர மையத்தை நான்கு பகுதியாகப் பிரித்தது. ஒரு பகுதியிலிருந்து அடுத்ததற்குக் காரில் நேராகப் போக முடியாது. வெளிவட்டச் சாலைக்கு வந்து சுற்ற வேண்டும். நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் பஸ்ஸுக்கும் தடையில்லை. பெல்ஜியத்தின் கென்ட் 2017-இல் இதையே செய்தது. செலவு? பெயர்ப்பலகை, பூத்தொட்டி, தடுப்புக் கம்பம். கம்பங்களுக்கு நடுவே 1.5 மீட்டர் விடுங்கள். சரக்குச் சைக்கிளும் சக்கர நாற்காலியும் போக வேண்டும். தீயணைப்பு வண்டிக்குப் பூட்டுத் திறந்து மடக்கும் கம்பம் ஒன்று போதும். சாவி அவர்களிடம் இருக்க வேண்டும்.

பஸ் நிறுத்தத்தில் சைக்கிள் தடம் என்னாகும்?

நிழற்குடைக்குப் பின்னால் சுற்றிப் போகட்டும். நடுவில் பயணிகள் நிற்கும் திட்டு 2 முதல் 2.5 மீட்டர் அகலம் வேண்டும். குறைந்தால் ஆட்கள் தடத்தில் வந்து நிற்பார்கள். நடந்து கடக்கும் இடத்தில் தடத்தை நடைபாதை மட்டத்துக்கு உயர்த்துங்கள். சைக்கிள் தானாக மெதுவாகும். பார்வையற்றவர்களுக்குத் தொட்டுணர் ஓடு அங்கே கட்டாயம். நிழற்குடையின் சுவர் கண்ணாடியாக இருக்கட்டும்: விளம்பரப் பலகை மறைத்தால் இறங்குபவரும் சைக்கிள்காரரும் ஒருவரையொருவர் பார்க்க மாட்டார்கள்.

சந்திப்பில்தான் விபத்து. அங்கே என்ன செய்யலாம்?

தடம் குறுக்குத் தெருவைக் கடக்கும் இடத்தை முதன்மைச் சாலையிலிருந்து 5 மீட்டர் உள்ளே தள்ளுங்கள். திரும்பும் கார் முழுதாகத் திரும்பி, நேராக நின்று, சைக்கிளைக் கண்ணெதிரே பார்க்கும். ஒட்டியே போட்டால் ஓட்டுநர் தோளுக்குப் பின்னால் பார்க்க வேண்டும், பார்க்க மாட்டார். முனையின் வளைவை இறுக்கினால் வேகம் தானே குறையும். கனரக வாகனம் அதிகம் திரும்பும் இடத்தில் சைக்கிளுக்குத் தனிப் பச்சை கொடுங்கள்.

சைக்கிளை எங்கே நிறுத்துவது?

தலைகீழ் ‘ப’ வடிவ இரும்புக் குழாய்: 5 செ.மீ. விட்டம், 75 செ.மீ. உயரம், கான்கிரீட்டில் 30 செ.மீ. ஆழம். குழாய்க்குக் குழாய் 1 மீட்டர், முன்பின் 2 மீட்டர். ஒரு கார் நிற்கும் இடத்தில் எட்டுப் பத்துச் சைக்கிள் நிற்கும். முன்சக்கரத்தை மட்டும் கவ்வும் தாங்கியை வாங்காதீர்கள். காற்றில் சாய்ந்தால் சக்கரம் வளையும், சட்டகத்தைப் பூட்டவும் முடியாது.

பஸ் நிறுத்தத்தில் இந்தத் தாங்கி இருந்தால் பலன் பெருகும். நடந்து வருபவர் 500 மீட்டர் வருவார், சைக்கிளில் 2.5 கி.மீ. வருவார். ஆரம் ஐந்து மடங்கு என்றால் பரப்பு 25 மடங்கு. பஸ்ஸின் முன்னால் சைக்கிள் மாட்டும் சட்டமும் உண்டு. இரண்டு மூன்று சைக்கிளோடு அது நிறைந்துவிடும்.

வாகனம் நிறுத்துமிடம் போனால் வியாபாரம் படுத்துவிடும் என்கிறார்கள் கடைக்காரர்கள்.

வாதாடாதீர்கள், எண்ணுங்கள். ஒரு வார நாள், ஒரு விடுமுறை நாள், கடைவாசலில் ‘எப்படி வந்தீர்கள், எத்தனை முறை வருவீர்கள்’ என்று கேளுங்கள். கடைக்காரர் நினைப்பதைவிட நடந்து வந்தவர்கள் கூடுதலாக இருப்பது வழக்கம். பிறகு கூம்பும் பூத்தொட்டியும் வைத்து ஆறு மாதம் சோதனை. நிரந்தரக் கட்டுமானம் அப்புறம். தொடங்கும் முன்பே எண்ணி வையுங்கள்: 15 நிமிடத் துண்டுகளாக, பஸ் பயணிகள், சைக்கிள், நடப்பவர், கார் தனித்தனியாக. சைக்கிள்காரர்களில் பெண்களும் சிறுவர்களும் எத்தனை பேர் என்று குறித்துக்கொள்ளுங்கள். தடம் பாதுகாப்பானதா என்பதை அந்த எண்தான் முதலில் சொல்லும். முதல் மாத எண்ணை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். மக்கள் வழியை மாற்றிக்கொள்ளவே சில வாரம் ஆகும்.

தடம் போட்டு ஒரு வருடத்தில் மறுபடி எல்லாரும் காரோடு கலந்து ஓட்டுகிறார்கள். ஏன்?

குனிந்து தரையைப் பாருங்கள். கார் ஓடும் தடத்தில் டயர்களே தூசியைத் தள்ளிவிடும். சைக்கிள் தடத்தில் தள்ள ஆளில்லை. கண்ணாடித் துண்டு, சரளை, காய்ந்த இலை எல்லாம் அங்கே வந்து சேரும். நகராட்சியின் பெருக்கும் வண்டி 2 மீட்டருக்கு மேல் அகலம் என்றால் உள்ளே நுழையாது. தடத்தை வரையும் முன்பே வண்டியின் அகலத்தை அளந்து கேளுங்கள், அல்லது சிறிய வண்டிக்குத் திட்டத்திலேயே பணம் ஒதுக்குங்கள். மழைநீர்க் கம்பிவலையின் கம்பிகள் ஓட்டும் திசைக்குக் குறுக்காக இருக்கின்றனவா என்றும் பாருங்கள். நெடுக்காக இருந்தால் மெல்லிய டயர் இடுக்கில் இறங்கிவிடும். ஒருமுறை விழுந்தவர் அந்தத் தடத்துக்குத் திரும்ப மாட்டார். வலையை எடுத்து கால் சுற்றுத் திருப்பிப் போட இரண்டு பேரும் ஒரு கடப்பாரையும் போதும், சட்டம் சதுரமாக இருந்தால்.